மாத்தேரானா, அலிபாக்கா? மாவு ஆட்ட வீடு திரும்ப வேண்டும்

மும்பை செம்பூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஐந்தாறு வருடம் லீவு என்றால் திருச்செந்தூருக்கு டிக்கெட் போடுவதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. சனி ஞாயிறு என்றால் செட்டா நகர் முருகன் கோவில், அதோடு சரி. பிள்ளைகள் வளர்ந்து, "நம்ம ஊரைச் சுத்தி எதுவுமே பார்த்ததில்லையேம்மா" என்று கேட்டபோதுதான், அவர்கள் 'நம்ம ஊர்' என்று மும்பையைச் சொல்கிறார்கள் என்பதே எனக்கு உறைத்தது. அதற்கப்புறம் கிளம்ப ஆரம்பித்தோம்.

இரண்டு நாளில் போய் வர செம்பூர்க்காரர்கள் பேசுவது மூன்று இடம். லோனாவாலாவை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். கார்லா குகையின் சைத்தியத்தையும் (புத்த வழிபாட்டுக் கூடம்), ஏறக்குறைய இரண்டாயிரம் வருடம் ஆகியும் அதன் கூரையில் நிற்கும் மர வளைவுகளையும் கட்டாயம் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் காலையில் ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடலாம், தங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. மிச்சம் இருப்பது மலைமேல் இருக்கும் மாத்தேரானும் கடலோரத்து அலிபாக்கும். மாத்தேரானுக்கு நான்கு முறை, அலிபாக்குக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். இந்தக் கணக்கிலேயே நான் எந்தப் பக்கம் என்பது தெரிந்திருக்கும்.

அலிபாக்கின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். போகும் வழியே ஒரு உல்லாசம். கேட்வே ஆஃப் இந்தியாவில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா. குளிர்காலத்தில் கடல் பறவைகள் படகை விடாமல் துரத்திக்கொண்டே வரும், பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரமே போதும். மாண்ட்வாவில் இறங்கினால் அலிபாக் ஊருக்குப் போக இன்னும் இருபது கிலோமீட்டர் பஸ், பெரும்பாலும் படகு டிக்கெட்டிலேயே அதுவும் சேர்ந்துவிடும். காரோடு போகிறவர்களுக்கு மும்பையின் பாவுச்சா தக்கா படகுத்துறையில் இருந்து 2020 முதல் ரோ-ரோ கப்பல் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் கேட்வே படகுகள் நின்றுவிடும்.

ஊரில் பார்க்க வேண்டியது கடலுக்குள் நிற்கும் கொலாபா கோட்டை. சிவாஜி காலத்துக் கோட்டை, பிறகு மராத்தியர்களின் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரே கையில் இருந்தது. நீர் வற்றும்போது கடலுக்குள் நடந்தே போகலாம், குதிரை வண்டியும் உண்டு. வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் கிளம்புவதற்கு முன்பே நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை அதைப் பார்க்காமல் போய், கரையில் நின்று கோட்டையைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் அங்கே இருக்கும் காந்தப்புல ஆய்வகம். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அந்த மின்சாரம் அங்கே கொலாபா பகுதியில் இருந்த ஆய்வகத்தின் காந்த அளவீடுகளைக் கெடுத்துவிடும் என்று 1904-ல் அந்த வேலையை அலிபாக்குக்கு மாற்றினார்கள். ஆக மும்பை இரைச்சலுக்குப் பயந்து அலிபாக்குக்கு முதலில் ஓடிப்போனவை காந்தமானிகள்தான். இப்போது சினிமாக்காரர்கள் போகிறார்கள்.

என் கணவருக்கு அலிபாக்தான் வேண்டும். மொறுமொறுவென்று பொரித்த சுர்மாய் (வஞ்சிரம்) மீனுக்காகவே போகலாம் என்பார். எனக்கு அந்தக் கடல் மனசில் ஏறவில்லை. ஈரத்தில் சேறு மாதிரி கருத்த மணல். ஊரில் இருந்து வந்திருந்த அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல், "திருச்செந்தூர்க் கடலைப் பார்த்துட்டு இதைப் பார்க்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்?" என்றாள். இது நியாயமான தீர்ப்பு இல்லை என்று தெரியும், கடலோரத்தில் பிறந்தவர்களிடம் கடலைப் பற்றிக் கேட்கக் கூடாது.

அதே அம்மா மாத்தேரானில் இறங்கியதும் குனிந்து மண்ணை அள்ளிப் பார்த்தாள். "ஏட்டி, நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரில்லா இருக்கு!" அப்படி ஒரு சிவப்பு. இரண்டு நாளில் சாக்ஸ், செருப்பு, குதிகால் எல்லாம் செம்மண் நிறமாகிவிடும், வெள்ளை உடுப்பு எதுவும் எடுத்துப் போகாதீர்கள். மராத்தியில் 'மாத்தா' என்றால் தலை, உச்சி. 'ரான்' என்றால் காடு. உச்சிக்காடு. ஏறக்குறைய 800 மீட்டர் உயரம்தான், ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து ஸ்வெட்டர் மூட்டை கட்ட வேண்டாம்.

அங்கே வண்டி கிடையாது. தஸ்தூரி நாக்காவோடு கார், பைக் எல்லாம் நின்றுவிடும். அதற்கு மேல் நடை, குதிரை, ரிக்‌ஷா, அல்லது அமன் லாட்ஜ் ஸ்டேஷனில் இருந்து ஓடும் குட்டி ரயில். செம்பூரில் காய்கறிக் கடைக்குப் போகும்போதுகூட நான் சின்னவனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போவேன். மாத்தேரானில் இரண்டாவது நாள்தான் கவனித்தேன், காலையில் இருந்து அவன் கையை நான் பிடிக்கவே இல்லை. அவன் பாட்டுக்கு முன்னால் ஓடுகிறான், ஒரு குச்சியால் மண்ணைக் கீறுகிறான், திரும்பி வருகிறான். பயப்பட வேண்டியது குரங்குக்கு மட்டும்தான். பிஸ்கட் பாக்கெட்டை வெளியே காட்டினால் போச்சு.

வயதானவர்களைக் கூட்டிப் போவதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டேஷனில் இருந்து ஹோட்டலுக்கும், அங்கிருந்து ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடைதான். ஆள் இழுக்கும் கை ரிக்‌ஷாவில் ஏறச் சொன்னதற்கு அம்மா, "மனுசன் இழுக்க நான் உக்காரவா, சீ" என்று மறுத்துவிட்டாள். அந்த ரிக்‌ஷாக்களை ஆறு மாதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அடுத்த தடவை பேட்டரி ரிக்‌ஷா கிடைத்தது, மகாராணி மாதிரி போனாள். முழங்கால் வலி அதிகம் உள்ளவர்களுக்கு அலிபாக்கே மேல் என்று சொல்வேன்.

மலையடிவாரத்து நேரலில் இருந்து வரும் முழு டாய் ட்ரெயின் 1907-ல் ஓட ஆரம்பித்தது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் தன் பணத்தில் போட்ட இரண்டடி அகலப் பாதை, சுமார் 21 கிலோமீட்டர். ஒரு தடவை அனுபவிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வார இறுதியில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், மழைக்காலத்தில் அமன் லாட்ஜுக்குக் கீழே ஓடாது. நாங்கள் நேரல் ஸ்டேஷன் வாசலில் ஷேர் டாக்சி பிடித்து தஸ்தூரி போய், அங்கிருந்து ஷட்டில் ரயிலில் ஏறிக்கொள்வோம். "டாய் ட்ரெயின்ல போனோம்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள பிள்ளைகளுக்கு அது போதும்.

இதெல்லாம் இருக்கட்டும். என் தீர்ப்பு இவை எதிலும் இல்லை, ஞாயிறு சாயங்காலத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ஸ்கூல் பஸ். டப்பாவில் இட்லியோ தோசையோ போக வேண்டும் என்றால் ஞாயிறு எட்டு மணிக்குள் மாவு ஆட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் காலையில் பொங்கியிருக்கும். சனிக்கிழமை கிளம்பும்போது அரிசியையும் உளுந்தையும் கழுவி ஃப்ரிட்ஜிலேயே ஊறப் போட்டுவிட்டுப் போவேன். கடை மாவு வாங்கலாமே என்று கணவர் சொல்வார். வாங்கலாம்தான். ஆனால் மாவு எனக்கு ஒரு கடிகாரம். மாவு ஆட்ட முடிந்த ஞாயிறு என்றால் யூனிஃபார்ம் அயர்ன் ஆகியிருக்கும், பிள்ளைகள் ஒன்பதரைக்குத் தூங்கியிருக்கும், திங்கட்கிழமை யாரும் யாரையும் கத்தாமல் போவோம்.

அலிபாக்கில் இருந்து இரண்டு தடவையும் மாவு ஆட்டவில்லை. முதல் தடவை கார். அடல் சேது 2024 ஜனவரியில் திறந்தபிறகு சிவ்ரியில் ஏறினால் 21.8 கிலோமீட்டர் பாலத்தை வழுக்கிக்கொண்டு தாண்டிவிடலாம், ஒரு வழிக்கு 250 ரூபாய். போகும்போது எல்லாம் வேகம்தான். திரும்பும்போது பாலத்துக்கு வந்து சேர்வதுதான் பாடு. அலிபாக் சாலை வட்கல் பக்கம் கோவா நெடுஞ்சாலையில் போய்ச் சேர்கிறது. கொங்கண் முழுவதும் வார இறுதிக்குப் போனவர்கள் அந்த நேரத்தில்தான் அதே சாலையில் திரும்புகிறார்கள். நான்கு மணிக்குக் கிளம்பி, செம்பூர் வந்தபோது பத்தேகால். இரண்டாவது தடவை படகு. ஊரில் கிளம்பவே நேரமாக்கிவிட்டோம், தப்பு எங்களுடையது. மாண்ட்வாவில் வரிசை, இருட்டிய பிறகு கேட்வே, டாக்சிக்கு அலைச்சல், சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயில், தோளில் தூங்கும் பிள்ளை. ரோ-ரோவில் நான் போனதில்லை. ஞாயிறு சாயங்காலக் கப்பலில் காருக்கு முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டால் கதை வேறாக இருக்கலாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார்.

மாத்தேரானில் இருந்து திரும்புவது இப்படி: மத்தியானம் ஹோட்டலில் குஜராத்தி சாப்பாடு (பருப்பில் வெல்லம், அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆகாது), இரண்டரைக்கு ஷட்டில், தஸ்தூரியில் டாக்சி, நான்கு மணிக்கு நேரல். லோக்கல் கர்ஜத்தில் இருந்து கிளம்புவதால் நேரலில் ஏறும்போது பெரும்பாலும் உட்கார இடம் இருக்கும். பத்லாப்பூர் தாண்டினால் அந்தப் பாக்கியம் கிடையாது. மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக ரயில்களைக் குறைக்கும் மெகா பிளாக் இருக்கும். வழக்கமாக நான்கு மணி சுமாருக்கு அது முடிந்துவிடும் என்பதால்தான் நாங்கள் அதற்கு முன்னால் நேரலுக்கு வருவதே இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் குர்லா, அங்கே மாறி செம்பூர். ஆறரைக்கு வீடு, ஏழேகாலுக்கு கிரைண்டர் ஓடும்.

நீண்ட வார இறுதிகளில் இந்தக் கணக்கு தப்பும். அப்போது டாக்சி வரிசையே ஒரு மணி நேரம் நீளும், நாங்கள் அந்த நாட்களில் வீட்டை விட்டு நகருவதில்லை.

கணவர் இன்னும் விடவில்லை. ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டு அலிபாக் போய், சனிக்கிழமை சாயங்காலமே திரும்பிவிடலாம் என்கிறார். அன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு வற்றுகிறது என்றுகூடப் பார்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வந்தால் எனக்கென்ன, சரி என்று சொல்லிவிட்டேன்.