குளிர்கால டிரெய்லர் வாசத்துக்கு டீசல் ஹீட்டர்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், மின்கம்பி எட்டாத நிலத்துண்டுகளில் டிரெய்லரை (வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டை) நிறுத்திக் குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தச் சமவெளியில் பகலில் சோலார் தகடுகளுக்கு வெயில் தாராளமாகக் கிடைக்கும். ஜனவரி இரவிலோ வெப்பநிலை மைனஸ் 25 டிகிரிக்கும் இறங்கும். அங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் ஓட்டிப் பார்த்த, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் சீனத் தயாரிப்பான டீசல் ஹீட்டரைப் பற்றியது இம்மதிப்புரை.

டிரெய்லருடன் வரும் புரொப்பேன் எரிவாயு ஹீட்டர் இருக்க இன்னொன்று எதற்கு என்ற கேள்விக்குப் பதில் பேட்டரியில் இருக்கிறது. புரொப்பேன் ஹீட்டரின் காற்றாடி 12 வோல்ட்டில் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும்; 14 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலும் 49 ஆம்பியர் மணி போய்விடும். 100 ஆம்பியர் மணி கொண்ட சாதாரண ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால், பயன்படுத்தக்கூடிய மின்சாரம் அனைத்தும் காற்றாடிக்கே தீர்ந்துவிடும். டீசல் ஹீட்டரோ பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் 10 ஆம்பியர் வரை எடுத்துக்கொண்டு, பிறகு ஒன்று, ஒன்றரை ஆம்பியரில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது காரணம் ஈரம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி உண்டாகும். புகைபோக்கி இல்லாத சிறிய எரிவாயு ஹீட்டர்கள் அதை அப்படியே அறைக்குள் விடுவதால், சன்னலிலும் மெத்தையின் அடியிலும் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கிறது. டீசல் ஹீட்டரில் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வந்து புகையாக வெளியிலேயே போகிறது. அறைக்காற்று சூடான உலோக உறையின் மேல் உரசிச் செல்வதோடு சரி. ஆயினும் புகைக்குழாய் இணைப்பு கசிந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின்றி இதை இயக்கவே கூடாது.

குறைகளும் உண்டு. பெட்டியில் 8 கிலோவாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கையேடோ மணிக்கு அதிகபட்சம் அரை லிட்டர் டீசல் என்கிறது. ஒரு லிட்டர் டீசலில் அடங்கியுள்ள ஆற்றலே சுமார் 10 கிலோவாட் மணிதான் எனும்போது, அரை லிட்டரில் 8 எங்கிருந்து வரும்? இதை 5 கிலோவாட் கருவி என்று எண்ணி வாங்குவதே முறை. நடுத்தர டிரெய்லருக்கு அதுவே போதும். எரிபொருள் பம்பு கௌளி சொல்வதைப் போல இரவெல்லாம் டிக் டிக் என்கிறது. சகுனம் பார்ப்பவர்களுக்குத் தூக்கம் வராது. ரப்பர் பட்டையில் தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும்.

மலைப்பகுதியில் இன்னும் முக்கியமானது புகைக்கரி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான். டீசலின் அளவைக் குறைக்காவிட்டால் அது முழுதாக எரியாமல் உள்ளே கரி படியும். உயரத்தை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும் மாதிரிக்குச் சற்று அதிகமாகச் செலவிடுவது தகும். மற்றதில் பம்பின் வேகத்தைக் கையால் குறைத்து, அணைப்பதற்கு முன் சிறிது நேரம் முழு வேகத்தில் ஓட்ட வேண்டியிருக்கிறது. கோடையில் வாங்கி வைத்த டீசல் கடுங்குளிரில் மெழுகு கட்டிக் குழாயை அடைக்கும் என்பதால், குளிர்காலக் கலவையையே ஊற்ற வேண்டும்.

பல டிரெய்லர்களில் பழைய புரொப்பேன் ஹீட்டரின் சூடான காற்றே தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டிகளையும் உறையாமல் காக்கிறது. டீசல் ஹீட்டர் அறையை மட்டுமே சூடாக்கும். ஆகவே பழையதைக் கழற்றி எறியாமல் கடுங்குளிர் இரவுகளில் அவ்வப்போது ஓடவிடுவதும், டிரெய்லரின் அடிப்பகுதியைச் சுற்றி நுரைப்பலகை அடைப்பதும் அவசியம். கொடுத்த விலைக்கு இக்கருவி நிச்சயம் தகும். ஆனால் இதை மட்டுமே நம்பி அங்கே குளிர்காலத்தில் குடியேறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.