ஸ்டெடிதான்!

கப்பலில் வேலை பார்த்தவனுக்கு பிலிப்பினோ பாட்டு தெரியாமல் இருக்காது. மெஸ் ரூமில் கரோக்கிப் பெட்டி, சனிக்கிழமை ராத்திரி எங்கள் போசன், அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரி, மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டார். அவரை நான் 'குயா' என்பேன். அவர்கள் மொழியில் அண்ணன். பிரவுன்மேன் ரிவைவல் என்கிற பிலிப்பினோ ரெகே குழுவின் (ரெகே என்பது ஜமைக்காவில் பிறந்த இசை) 'ஸ்டெடி லாங்' ஆல்பத்தை (2005) என் போனில் ஏற்றிவிட்டவர் அவர்தான். 'லாங்' என்றால் என்ன குயா என்று கேட்டேன். கையைத் தாழ்த்தி அமர்த்திக் காட்டினார். ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது, நம்ம 'தான்', 'மட்டும்' மாதிரி ஒரு ஒட்டு. ஸ்டெடிதான், அவ்வளவுதான்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். மண்டபத்தில் மச்சான் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டேன்.

"என்ன மாப்ள, தாளம் நொண்டுது?"

நொண்டத்தான் செய்யும். நாம் தட்டுகிற இடத்தில் ரெகே கிடார் சும்மா இருக்கும், நடுவில் விழுகிற இடைவெளியில் 'சக்கு, சக்கு' என்று வெட்டும். கரைவலை இழுக்கும்போது அம்பா என்கிற வேலைப் பாட்டைப் பாடுகிறவர் வரியை விடுவார், அதற்குப் பிறகுதானே நாம் இழுப்போம், அந்த மாதிரி என்றேன். மூன்றாவது பாட்டில் மச்சானின் ஊசி அந்த இடைவெளியில் சரியாக உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. அவனுக்கே தெரியாது.

ஆல்பத்தில் எனக்கு உசத்தி 'இக்காவ் லாங் ஆங் ஆக்கிங் மஹால்'. நீ மட்டும்தான் என் காதல் என்று அர்த்தம். 70-களில் வி.எஸ்.டி. அண்ட் கோ என்கிற குழு பாடிய மணிலா டிஸ்கோ பாட்டு. அந்தத் துள்ளலை இவர்கள் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பழைய மெட்டின் இனிப்பு அப்படியே இருக்கிறது. டிரம்பெட் வகையறா உள்ளே வரும்போது எனக்கு நம்ம ஊர் பேண்டு வாத்தியம்தான் ஞாபகம் வரும். 'மஹால்' என்றால் அவர்களுக்குக் காதல், விலை அதிகம் என்றும் அர்த்தமாம். நம்ம ஊரில் மஹால் கல்யாண மண்டபம். மூன்றும் ஒரே செலவுதான் குயா என்றேன், சிரித்துப் புரையேறிவிட்டது அவருக்கு.

குறை இல்லாமல் இல்லை. வேகம் கிட்டத்தட்ட ஒன்றுபோல ஓடுவதால் பாதிக்கு மேல் எந்தப் பாட்டு முடிந்தது, எது ஆரம்பித்தது என்று குழம்பும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் கிடார் காணாமலே போய்விடும், ரெகேயில் பேஸ் போனால் நண்டு இல்லாத நண்டுக் குழம்பு. பக்கத்து வீட்டு லோடு வேனில் பெரிய பெட்டி இருந்தது. அதில் போட்ட பிறகுதான் பாட்டு நெஞ்சில் இடித்தது. இவர்களே ஈரேசர்ஹெட்ஸ் குழுவின் 'மாலிங் அகாலா'வையும் ரெகேயாக மாற்றியிருக்கிறார்கள், தேடிக் கேளுங்கள்.

ஜூன் 15-ல் போட் இறங்கும்போது வீல் ஹவுசில் போட, அந்த மஹால் பாட்டை மட்டும் ஏற்றிக் கொடு என்கிறான் மச்சான். ஆல்பம் முழுக்க வேண்டாமாம். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிடுவானாம்.