ரெய்க்யவிக்கா, வைசன்ஹாவுஸா?

பின்வரிசைக் காய்களைக் குலுக்கல் முறையில் நிறுத்தும் சதுரங்கத்தை 1996-இல் முன்னாள் உலகச் சாம்பியனான அமெரிக்கர் பாபி ஃபிஷர் அறிவித்தார். மொத்தம் 960 தொடக்க நிலைகள். மனப்பாடம் செய்த நகர்வுகளுக்கு இங்கே வேலை இல்லை. இந்த ஆட்டத்தைப் பார்க்க விரும்புகிறவருக்கு நான் இரண்டு போட்டிகளைக் காட்டுவேன்.

முதலாவது, 2022 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் நடந்த, இந்த ஆட்டத்துக்கான உலகச் சாம்பியன்ஷிப். 1972-இல் ஃபிஷர் வழக்கமான சதுரங்கத்தில் உலகப் பட்டம் வென்ற அதே நகரம். விரைவு ஆட்டம் என்பதால் பரபரப்புக்குக் குறைவில்லை. அரையிறுதியில் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியிடம் தோற்றார். இறுதிப் போட்டியில் அமெரிக்காவின் நகமுரா நெப்போம்னியாச்சியை வென்றார், அதுவும் சமநிலை முறிக்கும் கடைசி ஆட்டத்தில்.

இரண்டாவது, 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் வைசன்ஹாவுஸில் நடந்தது. எட்டே வீரர்கள், நம் குகேஷும் அவர்களில் ஒருவர். இங்கே நாக் அவுட் சுற்றுகள் நீண்ட நேர ஆட்டங்கள். ஆட்டம் தொடங்குமுன் வெள்ளைக் காய்களை ஆடுபவர்கள் ஒரு பக்கம், கறுப்புக் காய்களை ஆடுபவர்கள் மறுபக்கம் கூடி அந்த நிலையை அலசினார்கள். போட்டியாளர்கள் சேர்ந்து சிந்திக்கும் அந்தச் சில நிமிடங்களே எனக்கு மிகவும் பிடித்தவை. இறுதிப் போட்டியில் கார்ல்சன் அமெரிக்காவின் கருவானாவை வீழ்த்தினார்.

என் தேர்வு வைசன்ஹாவுஸ். பழக்கமில்லாத நிலையில் முதல் நகர்விலிருந்தே யோசிக்க வேண்டும். அதற்கு நேரம் தேவை. விரைவு ஆட்டத்தில் நல்ல திட்டம் பிறக்கும்போதே கடிகாரம் அதைக் கொன்றுவிடுகிறது. ஒரு மாலைப்பொழுது மட்டுமே கையில் இருந்தால் ரெய்க்யவிக் இறுதியைப் பாருங்கள்.