ஊருக்குள்ள நாஜி ஊர்வலம்: எதிர்ல போய் நிக்கறதா, நன்கொடை திரட்டறதா?

ரெண்டுல எதுன்னு குழம்பறவங்களுக்கு. (நன்கொடைன்னா, நாஜிங்க நடக்கற தூரத்துக்கு ஏத்த மாதிரி அவனுங்களுக்கு எதிரான வேலைக்கே காசு சேக்கறது.)

ஆபத்து
எதிர்ப்பேரணி: 2017 ஆகஸ்ட் 12, அமெரிக்காவோட சார்லட்ஸ்வில்ல வெள்ளை இனவெறியன் ஒருத்தன் எதிர்ப்பேரணிக் கூட்டத்துக்குள்ள காரை விட்டான், ஒரு பெண் இறந்தாங்க.
நன்கொடை: கிட்டக்கூட போக வேணாம்.

பலன்
எதிர்ப்பேரணி: அடுத்த வாரமே பாஸ்டன்ல சுமார் 40,000 பேர் திரண்டாங்க, அங்க வலதுசாரி 'பேச்சுரிமை' பேரணி நடத்த வந்தவங்க சீக்கிரமே மூட்டையக் கட்டிட்டாங்க.
நன்கொடை: ஜெர்மனியில வுன்சீடல்னு ஒரு ஊரு, ஹிட்லரோட ஆளு ஹெஸ்ஸை அங்க புதைச்சதால நாஜிங்க தொல்லை ஓயல, 2014ல அவனுங்க நடக்கற ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோன்னு முன்னாடியே ஸ்பான்சர் பிடிச்சு, ரோட்டுல ஸ்டார்ட் லைன் போட்டு, வழியில வாழைப்பழம் வச்சு, கடைசியில நன்றி பேனரும் கட்டிட்டாங்க. சேந்தது 10,000 யூரோ, அதுவும் நாஜி கும்பலவிட்டு வெளிய வர்றவங்களுக்கு உதவற அமைப்புக்கு! செம நக்கல்ல?

செலவு
முதலாவதுக்கு ஆள், ரெண்டாவதுக்குக் காசு.

சின்ன ஊரு, ஊர்வலம் போற வழி முன்னாடியே தெரியும்னா நன்கொடைதான் என் ஓட்டு. பெரிய சிட்டி, மிரட்டப்படற மக்கள் பக்கத்துலயே குடியிருக்காங்கன்னா கூட்டமா போய் நில்லுங்க, ஆனா கார் நுழைய முடியாதபடி லாரியக் குறுக்க நிறுத்தச் சொல்லி போலீஸ்கிட்ட முதல்லயே கேட்டுடுங்க.