ஓடூ: இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும், இரண்டையும் வைத்து வேலை பார்த்த அனுபவம்

எங்கள் முதலாளிக்குக் கோவையில் இரண்டு நிறுவனங்கள். ஒன்று பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை, மற்றொன்று அவற்றையும் மோட்டார்களையும் விற்கும் வியாபாரப் பிரிவு. ஆலையில் 2019 முதல் ஓடூ மென்பொருளின் இலவசப் பதிப்பு ஓடுகிறது. பின்னால் தொடங்கிய வியாபாரப் பிரிவில் அதன் கட்டணப் பதிப்பு. இரண்டு இடத்துக் கணினி வேலையும் என் பொறுப்பு என்பதால், வேண்டாமலே ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

தெரியாதவர்களுக்காக: ஓடூ பெல்ஜியத்தில் பிறந்த மென்பொருள். கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, விற்பனை எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும். 2015-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து கம்யூனிட்டி, எண்டர்பிரைஸ் என்று இரண்டாகப் பிரிந்தது. கம்யூனிட்டிக்கு எத்தனை பேர் உள்ளே வந்தாலும் பணம் இல்லை. எண்டர்பிரைஸுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சந்தா.

விற்க வருபவர்கள் ஓர் அட்டவணையை நீட்டுவார்கள்: எதில் என்ன வசதி உண்டு, எதில் இல்லை என்று. அதை வைத்து மட்டும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. வசதி இல்லையென்றால் அது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும், மாற்று வழியும் கண்டுபிடித்துவிடலாம். தலைக்கணக்கும், பழைய எண்ணுள்ள பதிப்பிலிருந்து புதியதற்கு ஏறும் பதிப்பு மாற்றமும் அப்படியல்ல. அவை இரண்டும் ஆண்டுகள் கழித்துத்தான் கணக்குக் கேட்கும்.

முதலில் அட்டவணையில் பெரிதாகத் தெரியும் கணக்கு வழக்கைப் பார்த்துவிடலாம். இலவசப் பதிப்பில் இன்வாய்ஸ் போடலாம், பணம் வந்ததைப் பதியலாம். லாப நட்டக் கணக்கும் ஐந்தொகையும் வராது. 14-ஆம் பதிப்பிலிருந்து வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் திரையையும் எடுத்துவிட்டார்கள். ஓசிஏ என்ற தன்னார்வலர் அமைப்பு வெளியிடும் இலவச நீட்சிகளால் (மேலே சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) இந்த ஓட்டைகளைப் பெரும்பாலும் அடைத்துவிடலாம். நாங்கள் அந்த வழியில் போகவில்லை. ஆலை ஒரு பிரைவேட் லிமிடெட். கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் அணைக்க முடியக் கூடாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வரும் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லும் எங்கள் கையிலேயே இருக்க, இதை ஆடிட்டரிடம் எப்படி நிரூபிப்பது? கணக்கை, திருத்தங்களைப் பதிந்துவைக்கும் எடிட் லாக் உள்ள டாலி கணக்கு மென்பொருளிலேயே வைத்துக்கொண்டோம். 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸ் (அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்கும் இன்வாய்ஸ்) கட்டாயமானபோதும் டாலியே கைகொடுத்தது. விலை என்னவென்றால், விற்பனை விவரத்தை எக்செல் வழியாக டாலிக்கு ஏற்றும் இரட்டை வேலை. அக்கவுண்ட்ஸ் பெண்கள் அதற்காக என்னை இன்னும் திட்டுகிறார்கள், நியாயமாகத்தான்.

தலைக்கணக்குக்கு வருகிறேன். கட்டணப் பதிப்புக்குக் கொட்டேஷன் வந்ததும் முதலாளி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: இத்தனை பேருக்கு எதற்கு லாகின்? பட்டியல் சுருங்கியது. குடோனில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாகின். ஓடூவில் ஒவ்வொரு பதிவின் கீழும் யார் எப்போது எதை மாற்றினார் என்ற குறிப்பு விழும். அந்த மென்பொருளில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அதுதான். எங்கள் குடோனில் எல்லாக் குறிப்பிலும் ஒரே பெயர் நிற்கிறது. மோட்டார் ஒன்று குறைந்தால் யாரைக் கேட்பது?

ஆலையில் ஸ்டோர்காரர், தரம் பார்ப்பவர், லேத் பிரிவு சூப்பர்வைசர், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி வரை தனித்தனி லாகின். வார்ப்படம் எப்போது உள்ளே வந்தது, யார் எண்ணி எடுத்தார் என்பது கேட்காமலே தெரிகிறது. பணம் கட்டாத இடத்தில்தான் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்பது வேடிக்கை. (கட்டணப் பதிப்பிலும் டீலர்கள் தங்கள் விவரத்தை மட்டும் பார்க்கக் கொடுக்கும் போர்ட்டல் லாகின் இந்தக் கணக்கில் வராது. இதைச் சொல்லாமல் தலையை எண்ணும் விற்பனையாளர்கள் உண்டு, கவனம்.)

பார்கோடு திரை மட்டும் கட்டணப் பதிப்பில் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. குடோன் பையன்கள் எளிதில் கற்றுக்கொண்டார்கள். ஆலையில் அது இல்லாத குறை தெரிகிறது.

அடுத்தது பதிப்பு மாற்றம். ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. கடைசி மூன்றுக்குத்தான் பராமரிப்பு. கட்டணப் பதிப்பில் தரவுத்தளத்தை அனுப்பினால் புதிய பதிப்புக்கு மாற்றித் திருப்பித் தருவார்கள், அது சந்தாவிலேயே அடக்கம். நாமாக எழுதிச் சேர்த்த நிரல் மட்டும் தனிக் கணக்கு. இலவசப் பதிப்பில் அந்தச் சேவை கிடையாது. ஓசிஏவின் ஓப்பன்அப்கிரேட் என்ற இலவசக் கருவி இருக்கிறது, ஆனால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். 12-இலிருந்து 16-க்குப் போக 13, 14, 15 எல்லாவற்றையும் தொட்டுத்தான் போனோம்.

அதில் எங்களுக்கு வந்த தொல்லைக்குக் காரணம் ஓடூ அல்ல, தொடக்கத்தில் நிறுவிக்கொடுத்த ஓர் உள்ளூர்க் குழு. தனி நீட்சியாக எழுத வேண்டியதை மூலக் கோப்புகளுக்குள்ளேயே திருத்திவைத்திருந்தார்கள். ஜாப் ஒர்க்குக்காக அவர்கள் எழுதிய பகுதிதான் பெரியது. மூலப்பொருளை வெளியே கடைசலுக்கு அனுப்பினால் ஓராண்டுக்குள் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் ஜி.எஸ்.டி. சட்டம் அதை விற்பனையாகவே கருதும். எனவே எந்தப் பட்டறையில் எத்தனை கிடக்கிறது என்பது எங்களுக்கு உயிர்நாடி. 13-ஆம் பதிப்பில் வெளிவேலைக்கான வசதி இலவசப் பதிப்பிலேயே வந்துவிட்டதால், காசு கொடுத்து எழுதிய நிரலில் பாதியைத் தூக்கிப் போட்டோம். மாற்றத்தைச் செய்துகொடுத்த நிரலாளருக்குக் கொடுத்த தொகை, ஆலை முழுவதற்கும் ஓராண்டுச் சந்தாவை விடக் குறைவு. ஆனால் அப்படி ஓர் ஆள் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் தொகை என்ன என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த இருபதிப்பு விவகாரமே வேண்டாம் என்பவர்களுக்கு மும்பை ஃபிராப்பே நிறுவனத்தின் இஆர்பிநெக்ஸ்ட் என்ற இதே வகை மென்பொருள் இருக்கிறது. அதில் எல்லா வசதியும் திறந்த மூலத்திலேயே உண்டு. அவர்களின் வருமானம் சர்வர் வாடகையிலும் ஆதரவுச் சேவையிலும். இப்போது புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் ஆலைக்கு அதைத்தான் முதலில் சோதிப்பேன். வெறும் இன்வாய்ஸ் மட்டும் போதும் என்கிற சிறு வியாபாரிக்கு ஓடூவின் ஆன்லைன் சேவையில் ஒரு செயலி இலவசம், ஆட்களுக்கும் வரம்பில்லை.

கட்டணப் பதிப்பு எடுப்பவர்கள் இரண்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் முதலில் தெரிவது புதியவர்களுக்கான 12 மாதச் சலுகை விலை. அடுத்த ஆண்டு எவ்வளவு? சந்தா முடிந்தால் திரை பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு பேக்கப் யார் கையில்? இலவசத்திலிருந்து கட்டணத்துக்குப் போவது எளிது, திரும்பி வருவதற்கு அப்படி நேர்வழி இல்லை.

வியாபாரப் பிரிவில் இந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கும்போது குடோனுக்குக் கூடுதல் லாகின்கள் கேட்டிருக்கிறேன். முதலாளி யோசிக்கிறார். ஆலையை 18-க்கு மாற்றும் வேலை ஒரு நகல் தரவுத்தளத்தில் நடக்கிறது. பட்டறைவாரியான ஜாப் ஒர்க் இருப்பு பழையதோடு ஒத்துவந்தால்தான் உண்மையான சர்வரைத் தொடுவோம்.