மாரோவிண்ட், ஒப்லிவியன், ஸ்கைரிம்: எந்த எரிச்சலைத் தாங்கலாம்?

போன மாதம் அத்தை மகன் போன் செய்தான். "அண்ணா, மாரோவிண்ட், ஒப்லிவியன், ஸ்கைரிம் மூணும் தள்ளுபடியில வந்திருக்கு. எதை வாங்கட்டும்?"

மூன்றையும் நான் முடித்திருக்கிறேன். மூன்றையும் ஏதோ ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் மாதக்கணக்கில் தொடாமலும் இருந்திருக்கிறேன். அதனால் எது சிறந்த கேம் என்று சொல்வதைவிட, எது எங்கே படுத்தும், அந்தத் தொல்லை போகப்போகக் குறையுமா கூடுமா என்று சொல்வதுதான் அவனுக்கு உதவும் என்று பட்டது. அவனிடம் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன். எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலக வீடியோ கேம் வரிசையில் இவை மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது. வந்த ஆண்டுகள் 2002, 2006, 2011. ஒரே உலகம், ஒரே நிறுவனம், ஒன்பது ஆண்டுகள். அதற்குள் வடிவமைப்பு இவ்வளவு மாறியிருப்பதால்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

வாள் பட்டும் படாத மாரோவிண்ட்

கைதியாகக் கப்பலில் வந்து செய்டா நீன் என்ற சதுப்பு நிலத் துறைமுகத்தில் இறங்குகிறோம். பதிவு அலுவலகத்தில் ஒரு இரும்புக் குத்துவாள் கிடக்கும். எடுத்துக்கொண்டு வெளியே ஓடி, முதலில் கண்ணில் படும் ஜந்துவைக் குத்துகிறோம். கத்தி அதன் உடம்புக்குள் போவது தெரிகிறது, ஆனால் அடி விழவில்லை. மறுபடி குத்துகிறோம். மறுபடியும் இல்லை. பாதிப் பேர் இந்த இடத்திலேயே கேமை மூடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

காரணம், ஒவ்வொரு வீச்சுக்கும் உள்ளே ஒரு பகடை உருள்கிறது. ஆயுதத் திறனோடு அஜிலிட்டி என்ற சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் லக் என்ற அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கையும் கூட்டி, அதை உங்கள் தெம்பால் பெருக்குவார்கள். தெம்பு முழுதாக இருந்தால் 1.25, காலியாக இருந்தால் 0.75. ஆயுதத் திறன் 10, அஜிலிட்டி 40, லக் 40 என்று வையுங்கள். முழுத் தெம்போடு நின்றாலே 27 சதவீதம்தான் வரும். அதிலும் எதிரி விலகும் திறனைக் கழிக்க வேண்டும். இந்தக் கேமில் ஓடினால் தெம்பு வற்றும். ஆக, ஓடிப்போய் அடித்தவனுக்கு 16 சதவீதம். நீங்கள் நீள்வாள் பழகிய கேரக்டரை உருவாக்கிவிட்டு அந்தக் குத்துவாளை எடுத்திருந்தால் இதைவிடவும் மோசம்.

இதையெல்லாம் கேம் உங்களுக்குச் சரியாகச் சொல்லித் தருவதில்லை. அது அதன் தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே கணக்கில் திறன் 50 ஆனதும் 77 சதவீதம் வருகிறது. ஆரம்பத்தில் ஒரு எலியோடு மல்லுக்கட்டியவன் இருபது மணி நேரம் கழித்து அதே பாதையில் நடந்தால், அதே எலி ஒரே வெட்டில் விழுகிறது. எலி மாறவில்லை, நான் மாறியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்லிவியனைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

இரண்டாவது தொல்லை, வழி. மேப்பில் அம்புக்குறி கிடையாது. பால்மோரா ஊரில் ஒருவர் ட்வெமர் என்ற மறைந்துபோன இனத்தாரின் இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். ஊருக்கு வெளியே கோட்டையைத் தாண்டு, பழைய பாலத்தைக் கட, அப்புறம் தேடு என்று வாயால்தான் வழி. தேடிப் போனால் கதவு திறக்காது. பக்கத்தில் இருக்கும் குழாயில் ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்ப வேண்டும். உள்ளே அந்தப் பெட்டி ஒரு அலமாரித் தட்டில் கிடக்கும் சின்னச் சதுரம். முதல் தடவை எனக்கு இரண்டு மாலைகள் போயின. சில குவெஸ்ட்களில், அதாவது கேம் நமக்குத் தரும் பணிகளில், சொல்லப்படும் வழியே தப்பு, அங்கே என்ன செய்தும் பயனில்லை. குறிப்பேடும் அப்படித்தான். எல்லாக் குவெஸ்ட்களின் குறிப்பும் தேதி வரிசையில் கலந்து கிடக்கும். பிறகு வந்த ட்ரிப்யூனல் விரிவாக்கத்தில்தான் குவெஸ்ட் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் வசதி சேர்ந்தது.

இருந்தாலும், அந்தப் பாலத்தையும் அதன் கீழே ஓடும் சாம்பல் பள்ளத்தாக்கையும் இன்றைக்கும் கண்ணை மூடினால் என்னால் பார்க்க முடிகிறது. ஸ்கைரிமில் அதைவிடப் பலமடங்கு நேரம் செலவழித்திருக்கிறேன். அங்கே எந்தக் குகை எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது.

நினைத்த இடத்துக்கு நொடியில் தாவுவதும் இதில் இல்லை. ஆனால் சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சி வண்டி உண்டு, படகு உண்டு, மந்திரவாதிகள் சங்கத்துக்குள் ஊர்விட்டு ஊர் அனுப்புவார்கள், நின்ற இடத்தைக் குறித்துவைத்து அங்கேயே திரும்பும் மந்திரம் உண்டு. நம்ம ஊரில் இரண்டு பஸ் மாறிப் போவதுபோல எதில் ஏறி எங்கே மாறினால் சீக்கிரம் போகலாம் என்று மனக்கணக்குப் போட ஆரம்பித்துவிடுவீர்கள். பறக்கும் மந்திரம் கைக்கு வந்தபிறகு மலைகள்கூடத் தடையில்லை.

கதைக்கு வேண்டிய ஆளையும் இதில் கொல்லலாம். விதியின் இழை அறுந்துவிட்டது, முன்பு சேமித்துவைத்த ஆட்டத்துக்குத் திரும்பிப் போ, இல்லையென்றால் கெட்டுப்போன இந்த உலகத்திலேயே இரு என்று ஒரு செய்தி வரும். முடிவு உங்களுடையது. அடுத்த இரண்டு கேம்களும் இந்த மரியாதையை நமக்குத் தரவில்லை.

நீங்கள் வளர்ந்தால் எதிரியும் வளரும் ஒப்லிவியன்

முதல் பத்து மணி நேரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஒப்லிவியன்தான் ஜெயிக்கும். அடித்தால் படுகிறது. எல்லோரும் வாய் திறந்து பேசுகிறார்கள். பேரரசருக்குப் பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் அவர் மகன் மார்ட்டினுக்கு ஷான் பீனும் குரல் கொடுத்திருக்கிறார்கள். நகரங்களுக்கு ஆரம்பத்திலிருந்தே மேப்பில் தாவலாம். கொலைகாரர் சங்கமான டார்க் பிரதர்ஹுட் குவெஸ்ட்கள் இந்த வரிசையிலேயே மிகச் சிறந்தவை. ஒரு மாளிகைக்குள் ஐந்து விருந்தாளிகளோடு உங்களையும் பூட்டிவைக்கிறார்கள். ஒவ்வொருவராகக் கொல்ல வேண்டும், மிச்சமிருப்பவர்கள் உங்களிடமே வந்து யார்மேல் சந்தேகம் என்று பேசுவார்கள். இதற்கு இணையாக ஒரு குவெஸ்ட் ஸ்கைரிமில் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம் லெவல் ஏறுகிறது. பிரச்சினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த உலகத்தில் பெரும்பாலான எதிரிகள் உங்கள் லெவலைப் பார்த்து உருவாகிறார்கள். உங்கள் லெவல் எப்படி ஏறுகிறது? நீங்கள் தேர்ந்தெடுத்த ஏழு முக்கியத் திறன்களில் மொத்தம் பத்துப் புள்ளி கூடினால் ஒரு லெவல். அது சண்டைத் திறனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. என் முதல் கேரக்டருக்கு நான் குதித்தல், ஓடுதல், வியாபாரம் மூன்றையும் முக்கியத் திறனாக வைத்திருந்தேன், பிடித்திருந்ததால். ஊருக்கு ஊர் குதித்துக்கொண்டே போனேன், பொருள் விற்றேன், லெவல் ஏறியது. வாள் திறன் இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த நிலையில் க்வாட்ச் நகரத்தைக் காப்பாற்றப் போனால், லெவல் 2-இல் போனவனுக்குச் சின்னக் குட்டிப் பிசாசுகள் வரும் இடத்தில் எனக்கு முதலைத் தலை டெய்ட்ராத்கள் நின்றன. கூட வந்த காவலர்கள் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோடு ஆட்ரிபியூட் கணக்கு வேறு, அதாவது அஜிலிட்டி மாதிரியான அடிப்படைப் பண்புகளின் கணக்கு. ஒரு லெவலுக்குள் அந்த ஆட்ரிபியூட் சார்ந்த திறன்களில் 1 முதல் 4 புள்ளி கூட்டினால் +2, ஐந்திலிருந்து +3, எட்டிலிருந்து +4, பத்து ஆனால் +5. எண்டூரன்ஸ் என்ற தாங்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு லெவலுக்கும் உயிராகச் சேரும், அதுவும் முன்தேதியிட்டு வராது. எண்டூரன்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவன் அந்த உயிரை நிரந்தரமாக இழக்கிறான். மாரோவிண்டிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் அங்கே உலகம் பெருமளவு நிலையானது, கணக்கைக் கோட்டைவிட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். இங்கே எதிரி உங்களுக்காக நிற்கமாட்டான். விளைவு, ஆட்டத்தை ரசிக்க வேண்டியவர்கள் நோட்டுப் புத்தகத்தில் புள்ளி எழுதிவைத்து, நிஜமாகப் பயன்படுத்தும் திறன்களை முக்கியமில்லாத பட்டியலில் போட்டு ஆடுகிறார்கள். வளர்ச்சியைப் பார்த்துப் பயப்படவைக்கும் ஒரு ஆர்பிஜி (கேரக்டரை வளர்த்து ஆடும் கேம்) என்றால் அதன் அடிப்படையிலேயே கோளாறு என்றுதான் நான் சொல்வேன்.

உயர்ந்த லெவலில் சாலையில் ஒரு வழிப்பறிக்காரன் மறிப்பான். அவன் உடம்பில் விலையுயர்ந்த கண்ணாடிக் கவசம். உங்களிடம் கேட்பது 100 காசு. அந்தக் கவசத்தில் ஒரு துண்டை விற்றாலே பல நூறு வரும். இதைப் பார்த்த நொடியில் அந்த உலகத்தின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை உடைந்தது. அதற்குப் பிறகு குகைகளில் கிடைக்கும் எதுவும் கண்டெடுத்ததாகத் தோன்றவில்லை, கணக்குப் பார்த்து வைத்ததாகவே தோன்றியது.

குவெஸ்ட் பரிசுகளும் அப்படித்தான். சில்ரெண்ட் என்ற பனி வாளைக் குறைந்த லெவலில் வாங்கினால் பலவீனமானது கிடைக்கும், கடைசிவரை அதுதான். ஆர்வமாக முதலில் செய்தவனுக்குத் தண்டனை. இதே பெயரில் ஸ்கைரிமிலும் ஒரு வாள் உண்டு, அதிலும் இதே தவறு.

பேச்சுவார்த்தைக்கு ஒரு சக்கர விளையாட்டு வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் நொடிக்கொரு முகபாவம் மாற்றுவார், சகிக்காது. ஒப்லிவியன் என்ற பிசாசு உலகத்துக்கான வாசல்கள் நாட்டில் அறுபது வரை திறக்கும், உள்ளே அதே சில வடிவங்கள் திரும்பத் திரும்ப வரும். மூன்று மூடியதும் போதும் என்றாகிவிடும்.

2025 ஏப்ரலில் வந்த ரீமாஸ்டர், அதாவது புதுப்பித்த பதிப்பு, இதில் பாதியைச் சரிசெய்திருக்கிறது. முக்கியத் திறன், மற்ற திறன் இரண்டுமே லெவலுக்குக் கணக்கில் வருகின்றன. லெவலுக்கு 12 புள்ளி கொடுத்து நீங்களே பங்கிட்டுக்கொள்ள விடுகிறார்கள். நோட்டுப் புத்தகம் தேவையில்லை. ஆனால் எதிரிகள் உங்களோடு சேர்ந்து வளர்வது அப்படியே இருக்கிறது. பழைய பதிப்பை ஆடுகிறவர்கள் ஓஸ்குரோஸ் ஒப்லிவியன் ஓவர்ஹால் என்ற மோடை (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பை) போட்டுக்கொண்டால் அந்தக் குறையும் பெருமளவு தீரும்.

எல்லாத் தொல்லையும் தீர்த்த ஸ்கைரிம்

ஆட்ரிபியூட்கள் போயின. 18 திறன்கள், ஒவ்வொன்றுக்கும் பெர்க் என்ற சிறப்புச் சலுகைகள் கிளைகிளையாக விரியும் ஒரு மரம். எந்தக் கணக்கும் போடாமல் பிடித்ததைச் செய்தால் போதும். குகையின் கடைசி அறையிலிருந்து வாசலுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கும், வந்த வழியே திரும்பி நடக்க வேண்டாம். பல இடங்களுக்கு லெவலில் கீழ்வரம்பு, மேல்வரம்பு வைத்திருப்பதால் கண்ணாடிக் கவச வழிப்பறிக்காரன் காணாமல் போனான். ஒப்லிவியனில் அடிபட்டவனுக்கு இது பெரிய நிம்மதி.

ஆனால் அம்புக்குறியை அணைத்துப் பாருங்கள். குறிப்பேட்டில் "இன்ன இடத்தில் இன்ன பொருளை எடு" என்று மட்டும் இருக்கும், அந்த இடம் எந்தத் திசை என்று பெரும்பாலும் இருக்காது. பேசுகிறவர்களும் சொல்வது அரிது. அம்பு இல்லாமல் ஆட முடியாதபடி எழுதியிருக்கிறார்கள். அதனால் நாம் நிலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையின் மேலே உள்ள பட்டையைப் பார்த்து நடக்கிறோம். அவ்வளவு அழகான மலைகளை உருவாக்கிவிட்டு ஏன் இப்படிச் செய்தார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

புதிர்களும் அதே கதை. நகம் முளைத்த பாதம் போன்ற சாவியால் திறக்கும் நகப்பூட்டுக் கதவுகளில் மூன்று வளையங்களைச் சரியாகத் திருப்ப வேண்டும். விடை உங்களிடம் இருக்கும் அந்த நகச் சாவியின் உள்ளங்கையிலேயே பொறித்திருக்கிறது. முதல் தடவை கண்டுபிடிக்கும்போது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே வித்தையைத்தான் ஒவ்வொரு நகத்துக்கும் வைத்திருக்கிறார்கள். விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியில் சேர ஒரு சின்ன மந்திரம் போட்டுக் காட்டினால் போதும். சில குவெஸ்ட்கள் கழித்து நீங்கள்தான் அதன் தலைவர், பெரும்பாலும் வாளாலேயே அங்கு வந்து சேர்ந்திருந்தாலும். மாரோவிண்டில் சங்கங்களில் பதவி உயர, அதற்கான திறன்கள் இத்தனை இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அங்கே கிடைத்த பட்டத்துக்கு ஒரு கனம் இருந்தது.

கடினத்தை ஏற்றினாலும் சவால் கூடுவதில்லை. மிகக் கடினமான லெஜெண்டரி நிலையில் நீங்கள் கொடுக்கும் அடி கால்வாசி, வாங்கும் அடி மூன்று மடங்கு. எதிரி புத்திசாலி ஆவதில்லை, சாக நேரம் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். கணினியில் ஆடுபவர்கள் ஸ்கை-யுஐ (SkyUI) மாதிரி, கைவசமுள்ள பொருள்களின் பட்டியலைச் சீராக்கும் மோட் ஒன்றை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. அசல் பட்டியல் கண்ட்ரோலருக்காகச் செய்தது, மவுஸுக்கு ஒத்துவராது.

அப்போ எது?

எனக்கு மாரோவிண்ட். அதன் தொல்லைகள் பெரும்பாலும் முதல் பத்து மணி நேரத்தில் இருக்கின்றன, கற்றுக்கொண்டால் கரைகின்றன. ஒப்லிவியனின் தொல்லை நீங்கள் ஆட ஆடப் பெருகும். ஸ்கைரிமில் தொல்லை என்று எதையும் சுட்டுவது கடினம், ஆனால் நூறு மணி நேரத்துக்குப் பிறகு எதுவும் மனதில் தங்கவில்லையே என்று ஒரு வெறுமை வரும்.

ஆனால் அத்தை மகன் இதுவரை ஒரு ஆர்பிஜியும் ஆடியதில்லை, வேலை முடிந்து வந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். அவனுக்கு ஸ்கைரிமைத்தான் சொன்னேன். அது பிடித்து, அம்புக்குறி சலித்து, இன்னும் ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் மாரோவிண்டுக்குப் போகலாம். போகும்போது மூன்று விஷயம் மட்டும் சொல்லி அனுப்புவேன். எந்த ஆயுதத்தை முக்கியத் திறனாக வைத்தாயோ அதையே வாங்கு. எதிரியைப் பார்த்ததும் ஓடாதே, நடந்து போ. யாராவது வழி சொன்னால் முழுதாகப் படி. ஒப்லிவியன் வேண்டுமென்றால் ரீமாஸ்டரை வாங்கு, க்வாட்ச்சுக்குச் சீக்கிரம் போய்விடு, டார்க் பிரதர்ஹுட்டை முழுக்க ஆடு. வாசல்களில் கதைக்குத் தேவையானவற்றை மட்டும் மூடு.