பரிகாரத்துக்கு அல்ல, விளையாடப் போனோம்

குழந்தை இல்லாத தம்பதி ராமேஸ்வரத்துக்குப் போகிறார்கள் என்றால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பார்க்கிறவர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். சேது ஸ்நானம், நாகப் பிரதிஷ்டை, தேவிபட்டினத்து நவபாஷாணம் என்று பிள்ளை வரம் வேண்டிச் செய்யும், வழிவழியாக வந்த முறை ஒன்று இருக்கிறது. நம்பிக்கையோடு செய்கிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்களுக்காக என் அம்மாவே அதையெல்லாம் ஒரு காலத்தில் செய்து முடித்தவர்தான். ஆனால் இந்த முறை நானும் கணவரும் போனது வேறு காரியத்துக்கு. விளையாட. படகில் ஏற, துடுப்புப் போட, கடலில் மிதக்க, வயிறு நிறைய நண்டு சாப்பிட. நாற்பத்தைந்தைத் தாண்டிய இரண்டு பேர் தங்களுக்கென்றே எடுத்துக்கொள்ளும் விடுமுறைக்கு நம் கடற்கரை எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். செந்தோசாவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் எங்களுக்கு ரொம்பப் பழகிய இடம். பள்ளி விடுமுறை இல்லாத வாரநாளாகப் பார்த்துப் போவோம். அங்கே தனியாக ஏறுகிறவர்களுக்கென்று தனி வரிசை உண்டு. குடும்பம் குடும்பமாக உட்கார்ந்தது போக மிஞ்சுகிற ஒற்றை இருக்கையை அந்த வரிசைக்குத் தருவார்கள். இருவரும் சேர்ந்து உட்கார முடியாது, ஆனால் சீக்கிரம் ஏறிவிடலாம். பக்கத்திலேயே அட்வெஞ்சர் கோவ் தண்ணீர்ப் பூங்கா. முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மீன்களுக்கு மேலே மிதக்கலாம். "பிள்ளைகள் எங்கே?" என்று அங்கே எந்த கவுண்ட்டரிலும் எங்களைக் கேட்டதில்லை. இரண்டு பெரியவர்கள், இரண்டு டிக்கெட், அவ்வளவுதான். சீனப் புத்தாண்டு லீவோடு கொஞ்சம் விடுப்பைச் சேர்த்து ஊருக்கு வந்தபோது, இதே மாதிரி ஒரு விடுமுறையை இங்கேயும் எடுத்துப் பார்ப்போமே என்று தோன்றியது. எனக்குப் பிறந்த ஊர் ராமநாதபுரம். ஆனாலும் வளர்ந்த காலத்தில் கடல் என்றால் அமாவாசைக்குக் கால் நனைப்பதோடு சரி.

முதல் சவாரி ரயில். 2022 டிசம்பரில், ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் பழைய பாம்பன் கடல் பாலத்தில் போக்குவரத்தை நிறுத்திய பிறகு ரயில்கள் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தன. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்ததும் மறுபடி ராமேஸ்வரம் வரை போகின்றன. ராமநாதபுரத்தில் முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறி ஜன்னல் ஓரம் பிடித்தோம். மண்டபம் தாண்டியதும் பெட்டியே எழுந்து நின்றுவிட்டது. பாலத்தில் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே நேராகக் கடல்தான். நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறது. கப்பல் வந்தால் அது அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தின் இரண்டு கைகளையும் அந்தக் காலத்தில் ஆட்கள் நெம்புகோல் தள்ளித்தான் திறந்தார்கள். நாங்கள் போனபோது அதுவும் பக்கத்திலேயே நின்றது. ஒரு சின்னப் பையன் என் கணவரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க, இருவருமாகச் சேர்ந்து சத்தம் போட்டார்கள். இவ்வளவு சந்தோஷம் ஒரு பாசஞ்சர் டிக்கெட் விலையில் கிடைக்கிறது.

இனி காரங்காடு. இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம், உப்பூர் வழியாகத் தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போய் உள்ளே திரும்ப வேண்டும். மீனவக் கிராமம். கோட்டக்கரை ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து படகு, கயாக் என்கிற குறுகலான துடுப்புப் படகு, கடலுக்குள் முகமூடி போட்டு மிதப்பது என்று நடத்துகிறார்கள்.

"அக்கா, பிள்ளைகளுக்குச் சின்ன ஜாக்கெட் எத்தனை எடுக்க?" என்றார் லைஃப் ஜாக்கெட் கொடுக்கும் தம்பி.

"பிள்ளைக இல்ல தம்பி, நாங்க ரெண்டு பேருதான்."

"அப்பச் சரி, ரெட்டைக் கயாக்குல போங்க. அண்ணன் பின்னாடி உக்காரட்டும்."

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை, முகத்தில் ஒரு பரிதாபம் இல்லை. எங்கள் தோளகலத்தைப் பார்த்து ஜாக்கெட் எடுத்தார், வாரை இழுத்து இழுத்து இறுக்கினார், துடுப்பைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினார். ஊரில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை இதுதான் என்று மனதாரச் சொல்வேன்.

கால்வாய்க்குள் நுழைந்ததும் காற்று நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் வேரை வெளியே நீட்டி மூச்சு வாங்குகிறது. கூட வந்த தம்பி ஓர் இலையைப் பறித்துத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தது. "நக்கிப் பாருங்க" என்றார். நல்ல உப்பு! வேர் உறிஞ்சிய கடல்நீரின் உப்பை மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. அப்புறம் கணவர் வலது பக்கமும் நான் இடது பக்கமும் இழுத்து, வளைவில் கயாக் நேராக வேர்களுக்குள் போய்ச் சொருகிக்கொண்டது. ஒரு கொக்குக் கூட்டமே கலைந்து பறந்தது. வாய்விட்டுச் சிரித்தோம். தம்பி அவசரப்படாமல் தன் துடுப்பால் எங்களைத் தள்ளிவிட்டார்.

முகத்துவாரம் தாண்டி, பெரிய படகில் கொஞ்ச தூரம் போனால் இடுப்பளவு தண்ணீர்தான். பாக் விரிகுடா அவ்வளவு ஆழம் குறைந்த கடல். முகமூடி போட்டுக் குனிந்தால் கீழே கடல்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுகிறது. புல்லுக்கு நடுவில் ஒரு நட்சத்திர மீன். ஒரு கை வைக்கும் தூரத்தில் கடல் அட்டை, மணலை விழுங்கி மணலையே வெளியே விட்டுக்கொண்டு கிடக்கிறது. செந்தோசாவில் கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில் வண்ண வண்ண மீன்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே தண்ணீர் கொஞ்சம் கலங்கல், மீன் கண்ணில் படுவது நம் அதிர்ஷ்டம். ஆனால் யாரும் கொண்டுவந்து விடாமல் தானாகவே இங்கே வாழும் உயிரைப் பார்க்கிறோம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. இந்தப் புல்லைத் தின்றுதான் கடற்பசு வாழ்கிறது. இங்கே அதை ஆவுளியா என்பார்கள். இன்னும் வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர்க் கரையோரக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுகிற மீனவர்கள் இருக்கிறார்கள் என்று தம்பி சொன்னார். பிழைப்புக்கான வலையை அறுப்பது லேசான காரியமா?

கரைக்கு வந்தால் ஊர்ப் பெண்கள் சமைத்த சாப்பாடு. நண்டு சூப்பில் மிளகு தூக்கலாக இருந்தது, வறுத்த மீன் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வந்தது. எங்களிடம் யூபிஐ இல்லை, கையில் ஐநூறு ரூபாய் நோட்டுகள்தான். சில்லறைக்காகப் பரிமாறிய அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொண்டு போங்கள்.

தங்கும் இடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு, பெயருக்குப் பின்னால் இரண்டு பேருக்கும் வேறு வேறு அப்பா பெயர் இருக்கிறதே, கல்யாணமானதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்டார்கள். பிள்ளைகள் கூட இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுகளின் கடைசிப் பக்கத்தில் கணவன் மனைவி பெயர் இருந்தது. அதைக் காட்டியதும் சாவி கொடுத்தார்கள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர்களுக்கு இது வலிக்கிற கேள்வி. அடையாள அட்டை சரியாக இருந்தால் அதற்கு மேல் கேட்கக் கூடாது என்பதை வரவேற்பில் இருக்கும் இளைஞர்களுக்கு முதலாளிகள் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோயிலுக்கும் போனோம். ராமேஸ்வரம் வந்துவிட்டு ராமநாத சுவாமியைப் பார்க்காமல் போக என்னால் முடியாது. அக்னி தீர்த்தக் கரையில் ஓர் ஆள் பின்னாலேயே வந்தார். "எத்தனை பிள்ளைங்க?" என்றார். இல்லை என்றதும், புத்திர தோஷம், இன்ன பூஜை, இவ்வளவு ரூபாய் என்று நாலு பேர் முன்னால் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேண்டாங்கய்யா என்று கையெடுத்துக் கும்பிட்டும் விடவில்லை. வருகிறவர்களின் குறையைத் தேடிக் கண்டுபிடித்து விலை பேசுவது அந்த மண்ணுக்கு அழகில்லை. பரிகாரம் வேண்டுகிறவர்கள் தாங்களாகவே கேட்பார்கள்.

ஆனால் உள்ளே போனதும் அந்தக் கசப்பு கரைந்துவிட்டது. 22 தீர்த்தங்களுக்கு நாங்கள் போனபோது டிக்கெட் 25 ரூபாய். கிணற்றுச் சுவர் மேல் நின்றுகொண்டு ஒருவர் கயிற்று வாளியை வீசி, இழுத்து, அப்படியே தலையில் கொட்டுகிறார். அடுத்த கிணற்றுக்கு ஈரக் கல்லில் வழுக்காமல் ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். ஒரு கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பு, அடுத்தது நடுங்க வைக்கும் குளிர்ச்சி. எங்களோடு வந்த ஆந்திரத்துப் பாட்டிமார் ஒவ்வொரு வாளிக்கும் வீல் என்று கத்தினார்கள், சிரித்தார்கள், "இன்னொரு வாளி" என்று கையைக் காட்டினார்கள். கடைசியாகக் கோடி தீர்த்தம் வந்தபோது எல்லாருடைய முகமும் பத்து வயது குறைந்திருந்தது. மாற்றுத் துணி கட்டாயம் வேண்டும், ஈரத்தோடு சந்நிதிக்கு விட மாட்டார்கள். செல்போனும் உள்ளே கொண்டுபோக முடியாது, அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. துணி மாற்றும் இடத்தில் பெண்கள் கூட்டம் முண்டியடித்தது. இவ்வளவு பேர் நனைகிற ஊரில் உலர்ந்த தரையும் துணி மாட்ட ஆணியும் உள்ள அறைகள் இன்னும் பல மடங்கு வேண்டும்.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழல், நாங்கள் போன அன்று அலையே இல்லாத கடல். நீச்சல் அரைகுறையாகத் தெரிந்த நானும் பயமில்லாமல் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது. வேறொரு கடலோரப் பூங்காவில் ஊஞ்சலில் பெரியவர்கள் உட்காரக் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். சங்கிலி தாங்காது என்றால் நியாயம்தான். பெரியவர்களுக்கென்று கனமான சங்கிலியில் ஓர் ஊஞ்சல் போடுவதற்கு என்ன செலவாகிவிடும்? என் சித்திக்கு அறுபத்தெட்டு வயது. ஊஞ்சல் என்றால் உயிர். காரங்காட்டுப் படங்களைக் காட்டியதும் முதலில் கேட்டது, "எனக்கு அளவா ஜாக்கெட் இருக்குமாடி?"

தனுஷ்கோடிக்கு ராமேஸ்வரத்திலிருந்து அரசுப் பேருந்திலேயே போனோம். 2017-இல் சாலை போட்ட பிறகு அரிச்சல்முனை வரை நல்ல தார்ச்சாலை. வடக்கே அமைதியாகக் கிடப்பதைப் பெண்கடல் என்றும், தெற்கே குமுறுவதை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். வழியில் தேங்கிய தண்ணீரில் பூநாரைகள் நின்றிருந்தன. 1964 டிசம்பர் புயலில் ஓர் ஊரும், பயணிகளோடு ஒரு ரயிலும் போன இடம் இது. இடிந்த தேவாலயத்துச் சுவரின் மேல் ஏறிக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. விளையாட இந்தக் கரையில் எவ்வளவோ இடம் இருக்கிறது, இங்கே வேண்டாம். முனையில் கடலில் இறங்கவும் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். மாலையில் சீக்கிரமே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், மதியத்துக்கு முன்பே போய்விடுங்கள்.

பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுப் பக்கம் வனத்துறை படகு விடுகிறது. அதற்கு நேரம் அமையவில்லை. அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கொந்தளிக்கும், வாடைக்காலத்தில் அமைதியாக இருக்கும். காரங்காடு, அரியமான் பக்கம் இதற்கு நேர் எதிர். லீவு எந்த மாதத்தில் கிடைக்கிறதோ அதற்குத் தகுந்தபடி கரையைத் தேர்ந்தெடுங்கள். நாங்கள் அடுத்து ஜூனில் வருகிறோம், சித்தியோடு, மறுபடி காரங்காட்டுக்கே. போகிறவர்கள் சாப்பாட்டுக்கு முதல் நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். ஆள் கணக்குப் பார்த்துத்தான் நண்டு வாங்குகிறார்கள்.